ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்த்தது சித்தியா, பெற்ற தாயா? எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

கேள்வி இது: பள்ளி ஆண்டு விழாவுக்கு ஸ்னோ ஒயிட் கதையை நாடகமாக்குகிறார்கள். ஒரு புத்தகத்தில் சித்தி கொல்லப் பார்க்கிறாள், இன்னொன்றில் பெற்ற அம்மாவே அதைச் செய்கிறாள். ஓரிடத்தில் இளவரசனின் முத்தத்தால் பெண் விழிக்கிறாள், இன்னோரிடத்தில் வேலைக்காரன் முதுகில் ஒரு குத்து விட்டதால் விழிக்கிறாள். இதில் எது அசல்? நேரம் போதாவிட்டால் எதை வெட்டுவது?

பெற்ற தாயும் அசல்தான், சித்தியும் அசல்தான். இரண்டையும் எழுதியவர்கள், ஜெர்மன் கதைகளைத் தொகுத்த அதே கிரிம் சகோதரர்கள்தான். 1812இல் வந்த முதல் பதிப்பில் பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் சித்தி. முத்தம் இரண்டிலுமே கிடையாது. வெட்டுவதைப் பற்றிக் கேட்டால், பெண் தஞ்சம் புகுந்திருக்கும் ஏழு குள்ளர் வீட்டுக்கு ராணி வரும் மூன்று வருகைகளை மட்டும் தொடாதீர்கள், மற்ற எதில் கை வைத்தாலும் கதை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஆனால் நம் மேடைகளில் முதலில் பலியாவது அந்த மூன்றில் இரண்டுதான். அதனால்தான் பதில் கொஞ்சம் நீள்கிறது.

சித்தி எப்படி வந்தாள் என்பதிலிருந்து தொடங்கலாம். யாக்கோப், வில்ஹெல்ம் கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியின் காசெல் நகரில் இருந்தபடி கதைகளைச் சேகரித்தார்கள். ஊர் ஊராக அலைந்து குடிசை வாசலில் உட்கார்ந்து கேட்டதாக ஒரு சித்திரம் உண்டு. அது பெரும்பாலும் கற்பனை. படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் அவர்களுக்குக் கதை சொன்னார்கள். ஹாசன்ஃப்ளூக் குடும்பத்தார் அவர்களில் முக்கியமானவர்கள். 1810இல் சேகரித்த வரைவுகளை கிளெமென்ஸ் பிரென்டானோ என்ற கவிஞருக்கு அனுப்பினார்கள். அவர் திருப்பித் தரவேயில்லை. அந்தக் கட்டு அல்சாஸ் பகுதியில் ஓலன்பெர்க் மடத்தில் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அச்சுக்கு முந்திய ஸ்னோ ஒயிட்டை இன்று நாம் படிக்க முடிவது அதனால்தான்.

அந்தக் கையெழுத்து வரைவில் வேடனே கிடையாது. ராஜா போருக்குப் போயிருக்கும்போது தாயே மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகிறாள். அங்கே சிவப்பு ரோஜாக்கள் பூத்திருக்கின்றன. "இறங்கி ஒரு பூப் பறித்து வா" என்று மகளை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். முடிவில் பெண்ணை எழுப்புவதும் இளவரசன் இல்லை. போரிலிருந்து திரும்பும் தகப்பன் அந்த வழியாக வருகிறான். அவனோடு வந்த வைத்தியர்கள் அறையின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டி ஏதோ செய்ய, பெண் உயிர் பெறுகிறாள். என்ன செய்தார்கள் என்பதை வரைவு விளக்கவில்லை. நாடகத்துக்கு இது உதவாது. ஆனால் "அசல்" என்று தோண்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம் என்பதை இது காட்டிவிடும்.

1812 அச்சுப் பதிப்பின் தொடக்கம் நமக்குத் தெரிந்ததுதான். நடுக் குளிர்காலம். கருங்காலிச் சட்டம் போட்ட ஜன்னல் ஓரம் ராணி தைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசி விரலில் ஏறி மூன்று துளி ரத்தம் பனியில் விழுகிறது. பனி போல் வெள்ளையும், ரத்தம் போல் சிவப்பும், இந்த மரம் போல் கறுப்புமாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பிள்ளை பிறக்கிறது. 1812இல் அவள் சாகவில்லை. தவமிருந்து கேட்ட அதே பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது, "அவளைக் கொன்று நுரையீரலையும் கல்லீரலையும் கொண்டு வா" என்று வேடனிடம் சொல்பவளும் அவளேதான். வேடன் காட்டுப்பன்றிக் குட்டியின் ஈரலைக் கொண்டுவந்து கொடுக்க, உப்புப் போட்டு வேகவைத்துத் தின்பவளும் அவளே.

1819இல் வில்ஹெல்ம் செய்தது மிகச் சிறிய அறுவை. "பிள்ளை பிறந்ததும் ராணி இறந்துபோனாள், ஒரு வருஷம் கழித்து ராஜா வேறொருத்தியை மணந்தான்" என்ற பொருளில் இரண்டு வாக்கியம் சேர்த்தார். ஆசைப்பட்டவள் வேறு, பொறாமைப்பட்டவள் வேறு என்று ஒரு பெண் இரண்டாகப் பிளந்தாள். ஏன் செய்தார்? முதல் பதிப்பு வந்ததுமே, குழந்தைகள் பேரைத் தலைப்பில் போட்டுக்கொண்டு இதெல்லாம் குழந்தைகளுக்கு ஆகுமா என்று குறை எழுந்தது. பெற்றவள் பிள்ளையைத் தின்ன நினைப்பது நடுத்தர வீட்டுக் கூடத்தில் வாசிக்கக் கூடியதாக இல்லை. இந்தக் கதைக்கு மட்டும் இப்படி நடந்துவிடவில்லை. ஹான்ஸலும் கிரெட்டலும் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவளும் முதலில் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில் அவளும் மாற்றாந்தாய் ஆனாள். பிரசவத்தில் தாய்மார் இறப்பது சகஜமாக இருந்த காலம் என்பதால், மாற்றாந்தாய் என்றதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆகவே பழியைச் சித்தி மேல் போடுவது கதையின் விதி இல்லை, ஒரு பதிப்பாசிரியரின் முடிவு. வகுப்பில் சித்தியிடம் வளரும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும் என்று தயங்குபவர்கள் இதை நினைவில் வைக்கலாம். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குச் சித்தி என்றால் முதலில் அம்மாவின் தங்கை, அல்லது சித்தப்பாவின் மனைவி. பள்ளி விட்டு வரும்போது தின்பண்டம் வாங்கித் தருபவள். "சித்தி விஷம் கொடுத்தாள்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் தங்கள் சித்தியைத்தான் நினைப்பார்கள். மாற்றாந்தாய் என்றால் பொருள் சரி, ஆனால் மேடையில் வாயில் நுழையாது. "புது ராணி" போதும். கிரிம் உரையே அவளைப் பெரும்பாலும் ராணி என்றுதான் அழைக்கிறது.

எந்தப் பதிப்பை அடிப்படையாக வைப்பது என்றால், 1857இல் வந்த ஏழாம் பதிப்பை. அதுதான் கடைசியாகத் திருத்தப்பட்ட உரை. மொழிபெயர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை அதிலிருந்தே வந்தவை. அந்தத் தொகுப்பில் இது 53ஆவது கதை, ஜெர்மன் தலைப்பு ஸ்னேவிட்ஷென். 161ஆவது கதையான ஸ்னோ ஒயிட்டும் ரோஸ் ரெட்டும் முற்றிலும் வேறு: அதில் இரண்டு சகோதரிகள், ஒரு கரடி, நன்றிகெட்ட ஒரு குள்ளன். தேடும்போது இது அடிக்கடி வந்து மாட்டும்.

இனி மூன்று வருகைகளுக்கு வருவோம். கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

முதல் முறை ராணி முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, சாமான் விற்கும் கிழவியாக வருகிறாள். பல நிறப் பட்டு நூலில் பின்னிய கயிறு கொண்டுவருகிறாள். அக்கால ஐரோப்பியப் பெண்கள் மார்க்கச்சின் முன்புறத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து இறுக்கும் கயிறு அது. கதவைத் திறந்த பெண்ணுக்குத் தானே கட்டிவிடுவதாகச் சொல்லி மூச்சு நிற்கும்படி இறுக்கிவிடுகிறாள். குள்ளர்கள் வந்து கயிற்றை வெட்ட, மூச்சு திரும்புகிறது. இரண்டாம் முறை வேறு கிழவி வேஷம், விஷம் தோய்ந்த சீப்பு. "யாரையும் உள்ளே விடக் கூடாது" என்கிறாள் பெண். "பார்ப்பதற்கு என்ன தடை?" என்கிறாள் கிழவி. கதவு திறக்கிறது. சீப்பு தலையில் பட்டதும் பெண் விழுகிறாள். குள்ளர்கள் சீப்பை உருவ, எழுகிறாள். மூன்றாம் முறை குடியானவப் பெண் வேஷம். இந்தத் தடவை கதவு திறக்கவில்லை. பெண் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டுகிறாள். வாங்க மாட்டேன் என்கிறாள். "விஷம் என்று பயமா? இதோ பாதி நான் தின்கிறேன்" என்று ராணி ஆப்பிளை வெட்டி வெள்ளைப் பாதியைத் தான் கடிக்கிறாள். விஷம் சிவப்புப் பாதியில் மட்டும்.

இதில் மூன்று ஏணிகள் ஒன்றாக ஏறுகின்றன. ஒன்று, பெண்ணின் எச்சரிக்கை: முதலில் கேட்டதும் திறக்கிறாள், அடுத்து தயங்கித் திறக்கிறாள், கடைசியில் திறக்காமலே கையை நீட்டுகிறாள். அவள் அசடு இல்லை, ஒவ்வொரு தடவையும் கற்றுக்கொள்கிறாள். ஆனால் ராணி ஒரு படி மேலே போய்விடுகிறாள். ஒரே ஒரு ஆப்பிளோடு கதையை முடித்தால் இவள் சொன்ன பேச்சுக் கேட்காத பெண்ணாகி, நாடகம் புத்திமதியாகச் சுருங்கிவிடும். இரண்டாவது, ஆபத்து வெளியிலிருந்து உள்ளே போகும் விதம். கயிறு உடைக்கு மேலே, சீப்பு தலைமயிருக்குள்ளே, ஆப்பிள் வாய்க்குள்ளே.

மூன்றாவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆப்பிளுக்குப் பிறகு குள்ளர்கள் என்ன செய்கிறார்கள்? கச்சின் கயிற்றைத் தளர்த்துகிறார்கள். தலையை வாரிப் பார்க்கிறார்கள். தண்ணீராலும் திராட்சை ரசத்தாலும் கழுவுகிறார்கள். அதாவது முதல் இரண்டு முறை பலித்த வைத்தியத்தையே திரும்பச் செய்கிறார்கள். தொண்டையில் சிக்கிய துண்டு வெளியே தெரியாது. தேடத் தெரிந்த இடத்தில் மட்டும் தேடித் தோற்கிறார்கள். அதற்குப் பிறகு அவளைப் பூப்போல வைத்துக் காக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டி, பொன் எழுத்து, மலை உச்சி, ஓர் ஆள் காவல் என்று. யாரும் குலுக்கவில்லை, அதனாலேயே துண்டு அங்கேயே நிற்கிறது. கடைசியில் இளவரசனின் ஆட்கள் பெட்டியைத் தோளில் சுமந்து போகும்போது ஒரு புதரில் தடுக்கி, பெட்டி அதிர்ந்து, துண்டு தெறித்து விழுகிறது. அன்பாகப் பார்த்துக்கொண்டவர்களால் ஆகாதது, கால் இடறியதில் ஆகிவிட்டது. கயிறும் சீப்பும் இல்லாத நாடகத்தில் குள்ளர்கள் எதைத் தளர்த்துவார்கள், எதை வாருவார்கள்? சுற்றி நின்று அழுவார்கள், அவ்வளவுதான்.

1812 பதிப்பில் இதே கணக்கு இன்னும் முரட்டுத்தனமாக இருக்கிறது. இளவரசன் பெட்டியை அரண்மனைக்குக் கொண்டுபோய், அது பக்கத்தில் இல்லாமல் ஒரு கவளம்கூட இறங்காது என்று இருக்கிறான். அவன் போகும் அறைக்கெல்லாம் வேலைக்காரர்கள் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் பொறுமை போய், பெட்டியைத் திறந்து அவளைத் தூக்கி நிறுத்தி, "செத்த பெண்ணுக்காக நாள் முழுக்க இந்தப் பாடா" என்று முதுகில் ஒரு குத்து விடுகிறான். துண்டு வெளியே வந்து விழுகிறது. நாடகத்துக்கு இதுதான் மேல் என்பது என் தீர்ப்பு. அரங்கம் சிரிக்கும், தவிர பெட்டியைச் சுமந்து தடுக்குவதைவிட மேடையில் எளிது.

முத்தம் எங்கிருந்து வந்தது? அது கிரிம் தொகுப்பில் 50ஆவது கதையான தூங்கும் அழகிக்குச் சொந்தம். 1937இல் வெளியான டிஸ்னி படம் அதை எடுத்து இங்கே ஒட்டியது. அந்தப் படத்தில் ஈரல்களுக்குப் பதில் பெட்டியில் வைத்த இதயம், மூன்று வருகைகளுக்குப் பதில் ஒரே ஆப்பிள், ராணியைக் கொல்லும் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்புக்குப் பதில் பாறையிலிருந்து விழுதல். குள்ளர்களுக்குப் பெயர் வைத்ததும் அந்தப் படம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1912இல் நியூயார்க்கின் பிராட்வேயில் நடந்த நாடகத்திலேயே அவர்களுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. கிரிம் உரையில் பெயரே இல்லை. டிஸ்னி வைத்த பெயர்களை அப்படியே தமிழாக்குவதற்குப் பதில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உரை செய்வதுபோல "முதலாமவன், இரண்டாமவன்" என்று விடுங்கள். உரையில் அவர்கள் வீடு திரும்பியதும் பேசும் பகுதி மேடைக்காகவே எழுதியது போல இருக்கும்: என் நாற்காலியில் உட்கார்ந்தது யார், என் தட்டில் சாப்பிட்டது யார், என் ரொட்டியைப் பிய்த்தது யார், என் காய்கறியைத் தின்றது யார், என் முள்கரண்டியால் குத்தியது யார், என் கத்தியால் வெட்டியது யார், என் கோப்பையில் குடித்தது யார். ஏழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வரி வந்துவிடுகிறது, பெற்றோர் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு வருகைதான் முடியும், நேரம் அவ்வளவுதான் என்றால், ரஷ்யக் கவிஞர் புஷ்கின் என்ன செய்தார் என்று பாருங்கள். 1833இல் அவர் இதே கதையை ரஷ்யச் செய்யுளில் எழுதினார். குள்ளர்கள் இடத்தில் ஏழு வீரர்கள், விஷமாக ஒரே ஆப்பிள். கயிறும் சீப்பும் போனதால் எச்சரிக்கை என்ற உறுப்பு விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு நாயை வைத்தார். ஆப்பிள் கொண்டுவருபவளைப் பார்த்து நாய் விடாமல் குரைக்கிறது, பெண்ணை அவளிடம் நெருங்க விடாமல் மறிக்கிறது. பிறகு அந்த ஆப்பிளைத் தானே விழுங்கிச் சாகிறது. வீரர்களுக்கு விஷயம் புரிகிறது. உறுப்பை எடுத்தால் அதன் வேலையைச் செய்ய வேறொன்றை வைக்க வேண்டும். விழிக்கும் காட்சியிலும் அவர் முத்தம் வைக்கவில்லை. மணமகன் பளிங்குப் பெட்டியை ஓங்கி மோதி உடைக்கிறான். இங்கேயும் அதிர்ச்சிதான்.

நாட்டிலேயே அழகி யார் என்று பேசும் கண்ணாடியை ராணி எத்தனை தடவை கேட்கிறாள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 1857 உரையில் ஏழு: தொடக்கத்தில் ஒன்று, பெண்ணுக்கு ஏழு வயதானபோது, ஈரலைத் தின்ற பிறகு, கயிற்றுக்குப் பிறகு, சீப்புக்குப் பிறகு, ஆப்பிளுக்குப் பிறகு, கல்யாணத்துக்குப் புறப்படும் முன். இதில் முதல் தடவையும் ஆறாம் தடவையும் மட்டுமே ராணிக்குச் சாதகமான விடை. கண்ணாடி பொய் சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அது பயங்கரம். மேடையில் ஏழையும் வைக்க வேண்டியதில்லை, நான்கு போதும்: முதலாவது, இரண்டாவது, ஆறாவது, ஏழாவது. ஆனால் மூன்றாவதில்தான் பெண் உயிரோடு இருப்பதையும், ஏழு குள்ளர்களோடு மலைகளுக்கு அப்பால் இருப்பதையும் கண்ணாடி சொல்கிறது. அதை வெட்டினால் ராணிக்கு விலாசம் எப்படிக் கிடைத்தது என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். அந்தத் தகவலை வேறு எங்காவது நுழைத்துவிடுங்கள்.

கண்ணாடி வரிகளை ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தால் தட்டையாகிவிடும். ஜெர்மனில் அது குழந்தைப் பாட்டுச் சந்தம். தமிழில் எதுகையும் இயைபும் இருந்தால்தான் பிள்ளைகள் வாயில் நிற்கும். இப்படி ஒன்று முயலலாம்:

கண்ணாடி கண்ணாடி சுவர்க் கண்ணாடி,
இந்நாட்டுப் பெண்களில் அழகி யாரடி?

விடை:

இங்கே அழகி நீங்கள்தான், ராணியம்மா;
ஏழுமலைக்கு அப்பால் ஒருத்தி ஆயிரம் மடங்கம்மா.

ராணி கண்ணாடியை ஒருமையிலும், கண்ணாடி ராணியை மரியாதையாகவும் அழைப்பது மூல உரைக்கு ஒத்ததுதான். ஏழு மலை தாண்டுவது நம் பாட்டி கதைகளிலும் உள்ள வழி என்பதால் காதுக்கு இதமாக இருக்கும். பழக்கதோஷத்தில் ஏழு கடலையும் சேர்த்துவிடாதீர்கள். ராணி நடந்தே வந்துபோக வேண்டும்.

நிறங்களைச் சொல்வதில் தமிழுக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. 1857 உரை பனி போல் வெள்ளை, ரத்தம் போல் சிவப்பு, கருங்காலி போல் கருங்கூந்தல் என்கிறது. கறுப்பு கூந்தலுக்கு என்று தெளிவாக இருக்கிறது. சிவப்பு எதற்கு என்று அது சொல்லவில்லை. நம் ஊரில் "சிவப்பாக இருக்கிறாள்" என்றால் வெளுத்த தோல் என்று அர்த்தம். வெள்ளை, சிவப்பு இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் இரண்டும் தோல் நிறமாகக் கேட்டு, கதை கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி ஆகிவிடும். "உதடு ரத்தச் சிவப்பு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாநிறப் பிள்ளை கதாநாயகியாக நடித்தால், மாவைப் பூசி வெளுக்க வைப்பதைவிட, வெள்ளை உடை, சிவப்பு நாடா, கறுப்புப் பின்னல் என்று மூன்று நிறங்களையும் உடுப்புக்கு மாற்றிவிடலாம். பார்வையாளருக்கு அடையாளம்தான் தேவை. "பனி" என்ற சொல்லும் ஏமாற்றும். மார்கழி விடியலில் பெய்வதும் நமக்குப் பனிதான். உரையிலேயே வழி இருக்கிறது: வானத்திலிருந்து இறகு இறகாக உதிர்ந்தது என்கிறது. "இறகு மாதிரி வெண்பனி உதிர்ந்தது" என்றால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பெண்ணின் வயதும் இடிக்கும். ராணிக்குப் பொறாமை வரும்போது ஏழு வயது, முடிவில் கல்யாணம். பெட்டியில் நெடுங்காலம் கிடந்தாள் என்று மட்டும் உரை சொல்கிறது. கிரிமுக்குச் சுமார் இரு நூற்றாண்டுகள் முன்பே, 1634க்கும் 1636க்கும் இடையில் அச்சான இத்தாலியத் தொகுப்பு ஒன்றில், ஜம்பத்திஸ்தா பசீலே எழுதிய இதே சாயல் கதை உண்டு. அதில் ஏழு வயதுப் பெண் தலையில் சிக்கிய சீப்பால் உயிரற்றுப் போகிறாள். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பளிங்குப் பெட்டிகளில் வைக்கப்படுகிறாள். அவள் வளர வளரப் பெட்டிகளும் வளர்கின்றன. வயதுச் சிக்கலுக்கு இதைவிட அழகான தீர்வு இல்லை. "பெட்டிக்குள்ளேயே வளர்ந்தாள்" என்று கதை சொல்பவர் ஒரு வரி சொன்னால் சின்னப் பிள்ளை போய்ப் பெரிய பிள்ளை அந்த இடத்தில் படுத்துக்கொள்ளலாம், இருவருக்கும் வேஷம் கிடைத்த மாதிரியும் ஆகும்.

பொருட்களைப் பற்றிச் சில சொற்கள். கயிறு விலாவைச் சுற்றித்தான் வர வேண்டும்; புரியாது என்று கழுத்துக்கு மாற்றிவிடாதீர்கள், ஒத்திகையில் பிள்ளைகள் நிஜமாகவே இழுத்துப் பார்ப்பார்கள். அகலமான பட்டு நாடாவில் பின்பக்கம் வெல்க்ரோ வைத்துத் தைத்தால், குள்ளன் கத்தரிக்கோலை நீட்டியதும் தானே பிரிந்து விழும். சீப்பு பெரிய மரச் சீப்பாக இருக்கட்டும். பேன் சீப்பு அளவில் இருந்தால் பின்வரிசைக்குத் தெரியாது, தெரிந்த முன்வரிசை சிரித்துவிடும். ஆப்பிளில் சிவப்புப் பாதி, வெள்ளைப் பாதி தூரத்திலிருந்து தெரிய, ஒரு பக்கத் தோலைச் சீவிவிடுங்கள். சீவிய பக்கம் சிறிது நேரத்தில் பழுப்பேறும், எலுமிச்சைச் சாறு தடவினால் தாமதமாகும். ராணி முதலில் கடித்து, மென்று, விழுங்க வேண்டும். பெண் அதைப் பார்த்த பிறகே கையை நீட்ட வேண்டும். ராணி கடிக்காமல் நீட்டினால் அந்தக் காட்சியில் ஏமாற்றே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு நிஜக் கண்ணாடியும் வேண்டாம், முகத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். பார்வையாளர் பக்கம் மட்டும் சட்டம் அடித்து ஒளி ஊடுருவும் தாளை ஒட்டி, மேலே திறந்தே விடுங்கள்.

கடைசிக் காட்சிதான் எல்லாரும் தயங்குவது. கிரிம் உரையில் ராணி கல்யாணத்துக்கு வருகிறாள், மணப்பெண் யார் என்று பார்த்ததும் நகர முடியாமல் நின்றுவிடுகிறாள். கரி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை இடுக்கியால் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு செத்து விழும்வரை ஆட வேண்டும். 1812லிருந்து இந்த முடிவு மாறவே இல்லை. தாயைச் சித்தியாக்கிய வில்ஹெல்முக்குச் செருப்பைத் தணிக்கத் தோன்றவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தண்டனை கொடுத்தது யார் என்று உரை சொல்வதில்லை. ஸ்னோ ஒயிட் கட்டளையிட்டாள் என்று நீங்களாக எழுதினால் அவள் குணமே மாறிவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

இந்தக் கதை எந்த நிஜப் பெண்ணுடையது என்று நிகழ்ச்சித் தாளில் போட ஆசைப்படுவார்கள், கொஞ்சம் கவனம் தேவை. ஜெர்மனியின் லோர் ஆம் மைன் என்ற ஊர், 18ஆம் நூற்றாண்டின் மரியா சோஃபியா ஃபோன் எர்தால்தான் அவள் என்கிறது. அவ்வூரில் கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது, கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடியும் இருக்கிறது. இந்த வாதத்தை 1986இல் கிளப்பிய மருந்தாளுநர் பாதி வேடிக்கையாகத்தான் தொடங்கினார். ஹெஸ்ஸே பகுதியில் இன்னொரு கட்சி, 1554இல் இளம் வயதில் பிரஸ்ஸல்ஸில் இறந்த மார்கரேத்தா ஃபோன் வால்டெக் என்பவளைக் காட்டுகிறது. குள்ளர்கள் மலையைத் தோண்டுபவர்கள், அவள் ஊர்ப் பக்கமும் சுரங்கங்கள் உண்டு. இரண்டும் சுற்றுலாவுக்கு நல்லது. ஆனால் நாட்டார் கதை அட்டவணையில் 709ஆம் எண் பெற்ற இந்த வகை ஸ்காட்லாந்திலும் இத்தாலியிலும் ரஷ்யாவிலும் சொல்லப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்துக் கதையில் கண்ணாடிக்குப் பதில் கிணற்றிலுள்ள மீன் பதில் சொல்கிறது, பொறாமைப்படுபவள் அங்கே பெற்ற தாய். ஒரு ஜெர்மானியப் பிரபுவின் மகள் இத்தனைக்கும் காரணமாக இருக்க வழியில்லை.

செருப்பை மேடையில் காட்டச் சங்கடமாக இருந்தால் நீங்களாக ஒரு மன்னிப்புக் காட்சி எழுதி ஒட்ட வேண்டாம். அதுவரை வந்த கதைக்கு அது பொருந்தாது. புஷ்கினின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ராணி கடைசி விடையைக் கேட்டதும் கண்ணாடியைத் தரையில் அடித்து உடைக்கிறாள், வாசலை நோக்கி ஓடுகிறாள், எதிரே உயிரோடு வரும் பெண்ணைப் பார்க்கிறாள், துயரம் அடைத்து அங்கேயே செத்து விழுகிறாள். நெருப்பும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம். உடைய வேண்டிய கண்ணாடிக்குத் தகரத் தட்டு ஒன்றைத் திரைக்குப் பின்னால் போட்டுச் சத்தம் எழுப்பினால் போதும்.